சிவப்பு அட்டைக்கு வந்த சிட்டு

லா தோலா மேட்டில் லஸ்தேனியா பியாஹோவைத் திட்டாத ஆண்பிள்ளை ஒருவன்கூடக் கிடையாது. வேறு காரணம் ஒன்றுமில்லை, அவள் எங்கள் பேட்டைக் கால்பந்துப் பந்தயங்களுக்கு நடுவர். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டுவாள். ஞாயிறு வந்தால் கறுப்புச் சட்டை, கறுப்பு நிக்கர், கழுத்தில் விசில். அவள் மைதானத்தில் கால் வைத்ததும் அதுவரை எதிரும் புதிருமாகக் கத்திக்கொண்டிருந்த இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒன்றுசேர்ந்து, அவளைப் பெற்றவளைப் பற்றி உரக்க விசாரிக்கும். அவள் அசரமாட்டாள். "எங்கம்மா நல்லாத்தான் இருக்கா. நீங்க கேட்டதா சொல்றேன்" என்று கையை ஆட்டிவிட்டு விசிலை ஊதுவாள்.

நான் நார்சிசா. இந்தப் பேட்டையின் எல்லா அணிகளுக்கும் ஜெர்சி தைப்பவள். லஸ்தேனியா அக்காவின் கறுப்புச் சட்டையும் என் தையல்தான். அட்டையை உருவி உருவி மேல்பையின் வாய் கிழிந்துபோகும், வருஷா வருஷம் புதுப் பை வைத்துக் கொடுப்பேன். அவளும் நானும் ஒரே பழைய வீட்டில் எதிரெதிர் அறைகளில் குடியிருக்கிறோம். நடுவே முற்றம். முற்றம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். துணி துவைக்கும் கல்தொட்டியும் ஒரு கேஸ் சிலிண்டரும் போக, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் முட்டும். மேலே துணிக்கொடி, அதற்கும் மேலே ஆகாயத்தில் ஒரு துண்டு.

மரப்படி ஏறினால் மாடியில் வில்மர் குவாச்சமின். தெருப்பக்கம் பார்த்த அறையில் முடிவெட்டும் கடை, பின்பக்கம் வீடு. ஒரு காலத்தில் எங்கள் பேட்டையில் கோல் போடுவதற்கென்றே பிறந்தவன் என்று பெயர் வாங்கியவன். ஓர் இறுதியாட்டத்தில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவன் போட்ட கோலை, பந்து கையில் பட்டது என்று லஸ்தேனியா அக்கா செல்லாதாக்கிவிட்டாள். அவன் குதித்த குதிக்குச் சிவப்பு அட்டையையும் காட்டி வெளியே அனுப்பினாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு வார்த்தை நின்றது. ஒரே வாசல், ஒரே தண்ணீர்க்குழாய். எதிரே வந்தால் அவன் சுவரைப் பார்ப்பான், அவள் அவன் தலைக்கு மேலே பார்ப்பாள்.

ஆனால் அவன் கடை நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கோல் கதை இலவசம்.

"நெஞ்சுலதான்யா பட்டுச்சு. இதோ, இந்த இடத்துல. நீயே சொல்லு."

"ஆமாண்ணே, நெஞ்சுதான், நெஞ்சேதான்" என்பார்கள். தொண்டைக்குழியில் சவரக்கத்தி இருக்கும்போது வேறு என்ன சொல்வது?

இப்படி இருக்கையில், மழையில் ஊறிய மைதானத்தில் ஒருநாள் அக்காவுக்குக் கால் வழுக்கி முழங்கால் பிசகிக்கொண்டது. இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளட்ச் மிதிக்கிற காலும் அதுவே என்பதால் வேனையும் தம்பி மகளிடம் கொடுத்தாள். ஓடிக்கொண்டே இருந்தவள் முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருந்தால்தானே! எங்களுக்கெல்லாம் நடுவராகிவிட்டாள்.

"நார்சி, வாளியை ஓரமா வைக்கச் சொன்னேன்ல? இது முதல் எச்சரிக்கை."

"அக்கா, நான் தண்ணி பிடிக்க வந்திருக்கேன். பந்தாட வரலை."

"எதிர்த்துப் பேசினா ரெண்டாவது எச்சரிக்கை."

நான் வாளியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். வீட்டுக்காரம்மாகூட வாடகை வாங்க வரும்போது முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

ஒருநாள் காலை, வேறு வேலை இல்லாமல், தன் பழைய நடுவர் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். பைக்குள் மறந்துபோன சிவப்பு அட்டை பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து எண் தைத்துக்கொண்டிருந்தேன். 'டுர்ர்ர்' என்று மிஷின் பாபினில் நூல் சிக்கிய மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தால் கிந்தே.

என் கட்டைவிரல் நீளம்கூட இராது. பச்சை உடம்பு, ஊசி மூக்கு, சிறகு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத வேகம். அந்தரத்தில் அப்படியே நின்றது. ரீங்காரச்சிட்டைத்தான் நாங்கள் கிந்தே என்போம். அட்டையின் முன்னால் வந்து மூக்கால் ஒரு குத்து, பின்வாங்கிப் பார்த்தது, மறுபடி ஒரு குத்து. பிளாஸ்டிக்கில் என்ன தேன் இருக்கும்? ஏமாந்த கோபத்தில் அக்காவின் முகத்துக்கு நேரே வந்து நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு விர்ரென்று போய்விட்டது.

அக்கா அது போன திசையையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நார்சி, என் ஆயுசுல நான் எத்தனை பேருக்குச் சிவப்பு அட்டை காட்டியிருப்பேன்? அதைப் பாத்துட்டுக் கிட்ட வந்தவன் இவன் ஒருத்தன்தான்."

"ஏமாந்துபோய்த் திட்டிட்டுப் போகுதுக்கா அது."

"திட்டினா என்ன? திட்டினாலும் அழகாத் திட்டுது பாரு."

அன்றே பித்துப் பிடித்துவிட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு சந்தைக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. சிவப்பு ஜெரேனியம் தொட்டிகளாக வாங்கிக் குவித்தாள். முற்றமே திருவிழா மாதிரி ஆயிற்று. கிந்தே வந்தது, ஒரு பூவை மோந்து பார்க்கிற மாதிரி சுற்றி வந்தது, போய்விட்டது. அந்தப் பூவில் அதற்கு வேண்டிய தேன் இல்லை என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்து, மிளகாய்ச் சட்னி வந்த சிவப்பு மூடிப் புட்டியைக் கழுவி, மூடியில் ஓட்டை போட்டு, சர்க்கரையைக் கண்மட்டமாக அள்ளிப் போட்டு, சிவப்பு ஜெல்லிப் பொடியும் கலந்து தலைகீழாகத் தொங்கவிட்டாள். அதற்கு எறும்பு வந்தது. எறும்பென்றால் தெருமுனையிலிருந்து அணிவகுத்து வந்தது. பிறகு குளவி வந்தது. மூன்றாவதாக வீட்டுக்காரம்மா வந்தாள்.

"லஸ்தேனியா, இதென்ன, இனிப்புக் கடை வைக்கப்போறியா?"

"விருந்தாளி வராங்கம்மா."

"வந்தவங்க எல்லாருக்கும் ஆறு கால் இருக்கே!"

கடைசியில் என் போனில் ஒரு வீடியோவைத் தேடிப் போட்டோம். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். சாயம் கூடாது. தேன் கூடாது, வெல்லமும் கூடாது, புளித்துப்போய்க் குருவிக்கு நோய் வரும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புட்டியை வெந்நீரில் கழுவவேண்டும். தொங்குகிற கம்பியில் ஒரு சின்ன மூடியில் தண்ணீர் நிறுத்தினால் எறும்பு கடக்காது. அக்கா பாட்டைக் கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டாள். "இதைச் சொல்லு! விதிமுறை இல்லாம இத்தனை நாள் ஆடியிருக்கோம்" என்றாள். ஜெரேனியத்தை எல்லாம் வீட்டுக்காரம்மாவுக்கே தானம் செய்துவிட்டு, ஜிமிக்கி மாதிரி தொங்குகிற சிவப்பும் ஊதாவுமான பூச்செடி ஒன்றையும், இளஞ்சிவப்புக் குழல் பூ விடுகிற தக்ஸோப் பழக்கொடி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள். கொடியைப் பிடித்துச் சுவரில் ஏற்றிவிட்டது நான்.

அதோடு நிற்காமல் ஒரு சிவப்புச் சால்வையும் வாங்கினாள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கலாம். எங்கள் பேட்டையில் சிவப்பு ஓர் அணி, நீலம் ஓர் அணி, மஞ்சள் ஓர் அணி. எந்த நிறத்தைப் போட்டாலும் அந்தக் கட்சி என்று சொல்லிவிடுவார்களே என்று, நடுவரான நாள் முதல் அவள் கறுப்பும் சாம்பலும் தவிர வேறெதையும் உடுத்தியதில்லை. அன்று சிவப்பைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தபோது கன்னம்கூடச் சற்றுச் சிவந்துதான் இருந்தது. மாடிப்படியில் வில்மர் இறங்கி வந்தான். சுவரைப் பார்த்தபடியே, ஆனால் வீடு முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொன்னான்.

"பாத்தியா நார்சி, எந்த டீமுன்னு கடைசியில வெளிய வந்துருச்சு."

அக்கா ஆகாயத்தைப் பார்த்து என்னிடம் சொன்னாள்.

"நார்சி, வேலி ஓரத்துல உக்காந்து பாக்குறவங்களை வாயை மூடிக்கிட்டுப் பாக்கச் சொல்லு."

பிறகு கிந்தேக்கள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. புட்டியின் ஓட்டையில் மூக்கை விட்டு, தொண்டை துடிக்கத் துடிக்கக் குடித்துவிட்டு, சால்வை நுனியையும் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுப் போகும். காலைக் குளிரில் எங்கள் மூச்சே புகையாக வரும் நேரத்திலும் அக்கா எலுமிச்சைப்புல் கஷாயத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கஷாயம் ஆறிப்போயிருக்கும்.

அந்தச் சந்தோஷத்துக்குக் கண்பட்டது போல ஒருவன் வந்து சேர்ந்தான். பளபளவென்று பச்சை, காதோரத்தில் ஊதா. கோபம் வந்தால் அந்த ஊதா இறகுகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொள்வான். முற்றத்துக்கு மேலே டிவி ஆண்டெனாக் கம்பியில் உட்கார்ந்துகொண்டு, புட்டிப் பக்கம் எவன் தலைகாட்டினாலும் பாய்ந்து விரட்டுவான். குடிக்கிறவனும் இல்லை, குடிக்க விடுகிறவனும் இல்லை. எங்கள் பந்தயக் குழுவின் பழைய தலைவர் ஒருவர் இருந்தார். பரிசளிப்பு விழாவில் பன்றி வறுவல் தட்டின் முன்னால் இரண்டு முழங்கையையும் விரித்து நிற்பார், மற்றவர்களுக்குத் தோல்தான் மிஞ்சும். அந்த நினைப்பில் அக்கா இவனுக்குத் 'தலைவர்' என்று பெயர் வைத்தாள்.

"டேய் தலைவரே, ஒரு வாய் குடிச்சுட்டு நகருடா. பின்னால ஆள் நிக்குது."

தலைவர் கேட்கவில்லை. கையைத் தட்டிப் பார்த்தாள். துண்டை வீசிப் பார்த்தாள். ஒருநாள் கடுகளவான ஒரு சின்னக் கிந்தேயை அவன் கீழே தொட்டி வரைக்கும் துரத்தி வந்து குத்தியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் விசிலை எடுத்து வந்து, பழைய வேகத்தில் ஊதினாள்.

லா தோலாவில் உள்ள நாய்கள் எல்லாம் குரைத்தன. தெருவில் ஒரு பஸ் நின்றது. தலைவர் மட்டும் கம்பியில் உட்கார்ந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மாடியில் "ஆ!" என்று ஒரு வாடிக்கையாளரின் அலறல். சோப்பு நுரை ஒட்டிய கையோடு வில்மர் படித்தலைப்புக்கு ஓடிவந்தான். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேராகவே பேசினான்.

"ஆட்டமெல்லாம் முடிஞ்சுபோச்சு ரெஃப்ரீயம்மா! இன்னும் எவனுக்கு ஊதுறீங்க? அந்தாளு காது போயிருக்கும்!"

"உனக்கு ஊதலை. நீ ஏற்கெனவே வெளிய போன ஆளு."

அவன் நுரைக் கையால் தன் நெஞ்சில் அடித்துக் காட்டினான். "நெஞ்சுலதான் பட்டுச்சு!" என்று கத்திவிட்டு உள்ளே போனான்.

மறுபடியும் போனில் தேடினோம். இந்த மாதிரி ரவுடியை விரட்ட முடியாது, இரண்டாவது புட்டி வைக்க வேண்டும், அதுவும் முதல் புட்டி இருக்கிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத மறைவில் வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஒருவனே இரண்டு இடத்தைக் காவல் காக்க முடியாதாம். எங்கள் முற்றத்தில் மறைவுக்கு எங்கே போவது? சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ஒரே ஓர் இடம்தான் சரிப்பட்டது. மாடிப்படிச் சுவருக்குப் பின்னால், வில்மர் வீட்டுப் பின்பக்கத்துச் சின்னப் பால்கனி.

"வேற எடமே இல்லையா?" என்றாள் அக்கா.

"இல்லைக்கா."

"கூரைல?"

"யார் ஏறுறது, நீங்களா?"

அரை நாள் யோசித்தாள். பிறகு இன்னொரு புட்டியைத் தயார்செய்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, ஒரு கையில் தடியும் ஒரு கையில் புட்டியுமாகப் படியேறினாள். வலிக்கிற காலை முதலில் வைத்து, நின்று, மூச்சு வாங்கி, மறு காலை வைத்து. நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே போனேன், விழுந்தால் இருவரும் சேர்ந்தே உருண்டிருப்போம். வில்மர் கடையில் ஆளில்லை. சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இதை உன் பால்கனில மாட்டிக்கணும்" என்றாள் அக்கா, வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லாமல்.

"எதுக்கு?"

"தலைவர் மத்தவங்களைக் குடிக்க விடமாட்டேங்கிறான்."

வில்மர் சீப்பை உதறினான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. இத்தனை வருஷம் காத்திருந்த நேரம் வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மாட்டிக்கலாமே. தாராளமா மாட்டிக்கலாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நெஞ்சுன்னு சொல்லுங்க."

"கை."

"நார்சியைத் தவிர யாரும் இல்லை இங்க. யாருக்கும் சொல்லமாட்டேன். நெஞ்சு."

"இதோ பாரு, நான் உன்கிட்ட உதவி கேக்க வந்தேன். பொய் சொல்ல வரலை. கை. வலது கை. முழங்கைக்குக் கீழ."

"அப்போ உங்க குருவி பட்டினி கிடக்கட்டும்."

"கிடக்கட்டும்."

ஏறிய மாதிரியே இறங்கினாள். கீழே வந்து நாற்காலியில் விழுந்ததும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம். ஆனா கையிலதானே பட்டுச்சு" என்றாள்.

மறுநாள் மாலை வில்மர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தான். எங்களுக்கு நன்றாகத் தெரியும்படி முற்றத்திலேயே நின்று பெட்டியைப் பிரித்தான். கடையில் விற்கிற அசல் தேன்புட்டி, அடியில் சுற்றிலும் சிவப்புப் பிளாஸ்டிக் பூக்கள். கூடவே ஜிமிக்கிப்பூச் செடிகள் இரண்டு, எங்களுடையதைவிடப் பெரிது.

"எங்க மாட்டப்போறீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"என் பால்கனில. இனிமே ஒரு குருவி இந்த முற்றத்துப் பக்கம் வராது பாரு. எல்லாம் மேல வந்துரும். நான் சர்க்கரையைக் குறைக்கமாட்டேன்."

"நாலுக்கு ஒண்ணுதான் போடணும்" என்றாள் அக்கா ஆகாயத்தைப் பார்த்து.

"எனக்குத் தெரியும்" என்றான் வில்மர் சுவரைப் பார்த்து. பிறகு போகிற போக்கில் என்னிடம் மெதுவாக, "நாலு என்ன, தண்ணியா சர்க்கரையா?" என்று கேட்டான்.

அவன் வீம்புக்கு வைத்ததில் எங்கள் காரியம் ஆயிற்று. தலைவர் மேலே புட்டியைக் கண்டுபிடித்து அங்கே காவலுக்குப் போனால் கீழே கூட்டம் கூடியது. கீழே வந்தால் மேலே கூடியது. நாளெல்லாம் படிச்சுவரைத் தாண்டித் தாண்டிப் பறந்து அவனுக்கு நாக்குத் தள்ளியது. இடைவெளியில் மற்றவர்கள் வயிறு நிறையக் குடித்தார்கள். அக்கா வாயைச் சால்வையால் மூடிக்கொண்டு சிரித்தாள், மேலே கேட்டுவிட்டால் வில்மர் புட்டியை எடுத்துவிடுவானே என்று.

எடுக்கிற நிலையில் அவனும் இல்லை. முடிவெட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வருவான். கோல் கதை கேட்டுக் கேட்டுப் புளித்த வாடிக்கையாளர்களுக்கு இப்போது கிந்தே கதை. சில நாளில் படித்தலைப்பிலிருந்து அவன் குரல் நேராகவே கீழே வந்தது.

"ரெஃப்ரீயம்மா! உங்க ஆளு மேல வந்து என் சின்னதை அடிக்கிறான்! பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கீங்க!"

"எனக்கு இங்கிருந்து தெரியலை. தெரியாததுக்கு நான் ஊதமாட்டேன்."

"அன்னைக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்!"

"அன்னைக்கு நல்லாவே தெரிஞ்சுது."

இப்படியே நாள் போனது. சண்டைதான். ஆனாலும் காலையில் அந்தச் சண்டை கேட்காவிட்டால் எனக்கு ஊசியில் நூல் கோக்க ஓடாது.

ஒருநாள் மதியம் பிச்சிஞ்சா மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை என்று நினைத்துத் துணிகளை எடுத்தேன். வந்தது ஆலங்கட்டி. தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகச் சோளத்தைக் கொட்டுகிற சத்தம். முற்றம் கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளையாகிவிட்டது. தக்ஸோக் கொடி பிய்ந்து தொங்கியது. புட்டி விழுந்து உடைந்தது. ஓய்ந்ததும் அக்கா தடியோடு வெளியே வந்து, கல்தொட்டியின் அடியில் குனியப் பார்த்தாள். முழங்கால் விடவில்லை. அங்கே பனிக்கட்டிக்குள் பச்சையாக ஏதோ கிடந்தது. ஒரு சிறகு விரிந்திருந்தது. காதோரம் ஊதா.

"வில்மர்!" என்று கத்தினாள்.

அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை போல, இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். பின்னாலேயே ஒரு பக்கக் கன்னம் மழித்தும் ஒரு பக்கம் நுரையுமாக அவன் வாடிக்கையாளர், கழுத்தில் துணி பறக்க.

வில்மர் குனிந்து அதை உள்ளங்கையில் எடுத்தான். கண் மூடியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"போயிருச்சு" என்றான். பிறகு, "சனியன், எத்தனை பேரை அடிச்சான்" என்றான். ஆனால் கையைக் கீழே இறக்கவில்லை.

"போகலை. குளிர்ல அது இப்படித்தான் கட்டையாயிரும். சூடு காட்டணும். உன் கடைத் துண்டு எங்க?" என்றாள் அக்கா.

வாடிக்கையாளரே ஓடிப்போய், முகச்சவரத்துக்கு வைத்திருந்த வெந்நீர்த் துண்டைப் பிழிந்து எடுத்துவந்தார். அதை உலர்ந்த துண்டில் சுற்றி, நடுவில் குருவியை வைத்தார்கள். போதாதென்று முடி உலர்த்தும் மிஷினையும் கொண்டுவந்து தள்ளி வைத்துப் பிடித்தான் வில்மர். நான் அடுப்பை மூட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கலந்தேன். அக்கா ஒரு துளியைத் தேக்கரண்டி நுனியில் எடுத்து, மூக்கின் நுனியை அதில் படும்படி பிடித்தாள். பெனால்டி உதையின்போது இறுகுகிற அவள் முகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போதும் அதே முகம்.

"குடிடா" என்றாள். "குடிச்சுட்டு அப்புறம் எவனை வேணாலும் அடி. நான் கேக்கமாட்டேன்."

"மிஷினைக் கிட்ட கொண்டுவரட்டுமா?" என்றான் வில்மர் கிசுகிசுப்பாக.

"வேண்டாம். அங்கேயே பிடி. கை வலிச்சா மாத்திக்கோ."

"வலிக்கலை."

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொண்டையில் ஒரு துடிப்பு. மூக்கு நுனியிலிருந்து நூலிழை போல நாக்கு வெளியே வந்து, கரண்டியைத் தொட்டு, உள்ளே போனது. மறுபடி வந்தது. நுரைமுகக்காரர் "அம்மாடி!" என்று உரக்கச் சொல்லிவிட்டார், மூன்று பேரும் சேர்ந்து அவரை முறைத்தோம். கண் திறந்தது. இரண்டு மூன்று துளி குடித்தது. துண்டின் மேல் எழுந்து உட்கார்ந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. சட்டென்று அந்தரத்தில் எழும்பி, வில்மரின் மூக்குக்கு நேரே நின்று, இரண்டு பக்கத்து ஊதா இறகுகளையும் விரித்து அவனை மிரட்டியது. அப்புறம் நேரே ஆண்டெனாக் கம்பிக்குப் போயிற்று. போன கையோடு, பக்கத்து ஓட்டில் ஈரத்தோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு சின்னக் கிந்தேயைத் துரத்திக்கொண்டு பறந்தது.

"நன்றி கெட்ட பய!" என்றான் வில்மர்.

"தலைவரு வேற எப்படி இருப்பாரு?" என்றாள் அக்கா. சிரித்தாளா அழுதாளா தெரியாது, சால்வை முகத்தை மறைத்திருந்தது.

அன்று அக்கா அடுப்பில் இலவங்கப்பட்டை போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து, நாரஞ்சீயா என்கிற புளிப்புப் பழத்தின் சாறும் கொஞ்சம் கரும்புச் சாராயமும் விட்டு, எல்லோருக்கும் கிண்ணத்தில் கொடுத்தாள். வில்மர் முதல் தடவையாக அந்த முற்றத்தில் உட்கார்ந்தான். முழங்கால் முட்டத்தான் செய்தது. வாடிக்கையாளர் இரண்டாவது கிண்ணம் வரைக்கும் பொறுத்துவிட்டு, "அண்ணே, அந்தப் பக்கம்?" என்று கன்னத்தைத் தடவிக் காட்டினார்.

"காலையில வாங்க. இப்ப கை நடுங்குது" என்றான் வில்மர். அந்த மனிதர் பாதி மழித்த முகத்தோடே வீட்டுக்குப் போனார். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் காரணத்தையும் சொன்னார்.

அதிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. முடிவெட்டக் காத்திருக்கிறவர்கள் முற்றத்துக்கு இறங்கி வந்தார்கள். ஞாயிறுதோறும் அவளைப் பெற்றவளை விசாரித்த அதே ஆண்பிள்ளைகள், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரோரம் மூச்சுவிடாமல் நின்றார்கள். சத்தம் போட்டவனுக்கு அக்கா விரலை நீட்டி வாசலைக் காட்டுவாள். ஒருவனும் வாதாடியதில்லை. போகும்போது "நாளைக்கு வரலாமா தோன்யா லஸ்தேனியா?" என்று 'தோன்யா' போட்டு மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவான். ஒருவன் தக்ஸோக் கொடிக்குப் பந்தல் கட்டித் தந்தான். வேறொருவன் மனைவி வறுத்த சோளம் கொடுத்தனுப்பினாள். அக்கா அவர்களிடம் விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டாள், கேட்டால் குருவியைப் பற்றி மட்டும் பேசுவாள், நிறுத்தவும் மாட்டாள். வில்மர் மாடிப்படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தான். கடைக்கு வருகிற வயதானவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டான்.

போன மாதம் ஒரு காலை. நான் பாபின் மாற்றிக்கொண்டிருந்தேன். வில்மர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசையில்லாமல் படியிறங்கி வந்தான். கண் விரிந்திருந்தது. அக்காவின் காதோரம் குனிந்து, "நீள வால்" என்று மட்டும் சொன்னான்.

அந்த நீள வால் கிந்தேயை நாங்கள் போனில்தான் பார்த்திருந்தோம். உடம்பைவிட இரண்டு மடங்கு நீளத்துக்குக் கறுப்பு நாடா இரண்டு தொங்குகிற மாதிரி வால். அக்கா தடியைக்கூட எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். வில்மர் அவளுக்கு ஒரு படி முன்னால் பின்னோக்கி நடந்தபடியே கையை நீட்டிக்கொண்டு ஏறினான். நானும் பின்னாலேயே போனேன்.

பால்கனிக் கதவின் இடுக்கில் மூன்று தலைகள். வெளியே ஜிமிக்கிப்பூவின் கீழே அது நின்றுகொண்டிருந்தது. ஒரு பூவிலிருந்து மறு பூவுக்கு நகரும்போது வால் இரண்டும் ஒரு கணம் தாமதித்து, காற்றில் வளைந்து, பின்னாலேயே போயின. கடைப்பக்கம் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். "அண்ணே! முடிவெட்டணும்!" என்று குரல் வந்தது.

வில்மர் திரும்பவில்லை. வாயைத் திறந்தான்.

"உஷ்" என்றாள் அக்கா.

அவன் மூடிக்கொண்டான்.